எலி வளையானாலும் தனி வளை வேண்டும்: ஹேம்ஸ்டருக்கு ஏற்ற கூண்டு எது?

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் செல்லப்பிராணிக் கடைகளில் கூட்டம் கூடிவிடுகிறது. நாய் வளர்க்க வீட்டில் இடமில்லை. பூனை முடி அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளாது. மீன் வளர்த்துப் பிள்ளைக்குச் சலித்துவிட்டது. கடைசியில் குடும்பமே ஒத்துக்கொள்ளும் பிராணியாக ஹேம்ஸ்டர் அமைந்துவிடுகிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் உருவம், மிளகு போன்ற கண்கள், கன்னப்பைக்குள் தீனியை அடைத்துக்கொள்ளும் அழகு. விலையும் அதிகமில்லை.

ஹேம்ஸ்டரைத் தேர்ந்தெடுக்க அரை மணி நேரம் செலவிடும் குடும்பம், அது வாழப்போகும் கூண்டைத் தேர்ந்தெடுக்க ஐந்து நிமிடம்கூடச் செலவிடுவதில்லை. கடையில் கண்ணுக்கு எதிரே அடுக்கி வைத்திருக்கும் சிவப்பு, நீல நிறக் கூண்டுகளில் ஒன்று கைக்கு வந்துவிடுகிறது. தூக்குவதற்குப் பிடி உண்டு, உள்ளே சின்னச் சக்கரம் உண்டு, மாடிப்படி உண்டு. பார்ப்பதற்குப் பொம்மை வீடு போலவே இருக்கும். அந்த வீடு பார்ப்பவருக்குப் பிடித்திருக்கிறது. உள்ளே வாழப்போகும் பிராணிக்குப் பிடிக்குமா என்று யாரும் கேட்பதில்லை.

ஒரு ஹேம்ஸ்டரின் ஆயுள் இரண்டு ஆண்டு, மிஞ்சினால் மூன்று. அந்த ஆயுள் முழுவதும் அதன் உலகம் அந்தக் கூண்டுதான். அதனால் கூண்டைத் தேர்ந்தெடுப்பது வெறும் சாமான் வாங்கும் வேலையன்று. ஓர் உயிரின் வாழ்க்கை எப்படி அமையும் என்று முடிவு செய்யும் வேலை அது.

வயலிலிருந்து வந்த பிராணி

எந்தக் கூண்டு நல்லது என்று அறிய வேண்டுமானால், முதலில் அந்தப் பிராணி எங்கிருந்து வந்தது என்று அறிய வேண்டும். கடைகளில் அதிகம் காணப்படும் பெரிய வகை, சிரிய ஹேம்ஸ்டர். 1930ஆம் ஆண்டில் இஸ்ரேல் அஹரோனி என்ற விலங்கியலாளர் சிரியாவின் அலெப்போ நகருக்கு அருகே ஒரு கோதுமை வயலைத் தோண்டச் செய்தார். ஆழத்தில் இருந்த வளையில் ஒரு தாயும் 11 குட்டிகளும் கிடைத்தன. அவற்றைப் பெட்டிக்குள் போட்டதும், மிரண்டுபோன தாய் தன் குட்டி ஒன்றையே கொன்றது. எஞ்சிய குட்டிகள் ஜெருசலத்தில் உள்ள எபிரேயப் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தன. மரத்தாலான அடிப்பலகை கொண்ட கூண்டில் அவற்றை வைத்தார்கள். இரவோடு இரவாகப் பலகையைக் கொறித்து ஓட்டை போட்டுப் பல குட்டிகள் தப்பி ஓடிவிட்டன. மிஞ்சிய சிலவற்றின் வம்சமே இன்று உலகெங்கும் வீடுகளில் வளரும் சிரிய ஹேம்ஸ்டர்களில் பெரும்பாலானவை.

ஆக, மனிதன் ஹேம்ஸ்டரைப் பிடித்து வந்த நாளிலேயே கூண்டுப் பிரச்சினையும் கூடவே வந்துவிட்டது. அந்தப் பிராணிக்கு மூன்று குணங்கள் உண்டு. அது தோண்டும், கொறிக்கும், தனியாக வாழும். இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டால், கூண்டைப் பற்றிய கேள்விகளில் பாதிக்கு விடை தானாகவே கிடைத்துவிடும்.

பிற்காலத்தில் ஆய்வாளர்கள் அதே அலெப்போ வட்டாரத்தில் காட்டு ஹேம்ஸ்டர்களின் வளைகளைத் தோண்டிப் பார்த்தார்கள். வளைகளின் ஆழம் 36 சென்டிமீட்டர் முதல் 106 சென்டிமீட்டர் வரை இருந்தது. சராசரி 65 சென்டிமீட்டர், அதாவது இரண்டடிக்குச் சற்று மேல். ஒரு வளையில் வளர்ந்த ஹேம்ஸ்டர் ஒன்றுதான் இருந்தது. ‘எலி வளையானாலும் தனி வளை வேண்டும்’ என்று நம் முன்னோர் மனிதர்களுக்காகச் சொல்லி வைத்தார்கள். அது ஹேம்ஸ்டருக்கு எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகிறது. அதற்கு வளை வேண்டும், அதுவும் தனியாக வேண்டும்.

எவ்வளவு இடம் தேவை?

“கையளவு பிராணிக்கு எதற்குப் பெரிய இடம்?” என்று பல பெற்றோர் கேட்பதுண்டு. உருவத்தை வைத்து இடத்தைக் கணக்கிடுவது தவறு. ஹேம்ஸ்டர் இரவெல்லாம் ஓடித் திரிந்து தீனி தேடும் பிராணி. ஓர் இரவில் பல கிலோமீட்டர் தூரம் சக்கரத்தில் ஓடக்கூடியது.

ஜெர்மனியில் விலங்குநலத்துக்காக இயங்கும் கால்நடை மருத்துவர்கள் சங்கம், ஒரு ஹேம்ஸ்டருக்குக் குறைந்தது 100 சென்டிமீட்டர் நீளமும் 50 சென்டிமீட்டர் அகலமும் 50 சென்டிமீட்டர் உயரமும் உள்ள கூண்டு தேவை என்று பரிந்துரைக்கிறது. இது குறைந்தபட்ச அளவுதான். இதைவிடப் பெரிதாக இருந்தால் இன்னும் நல்லது.

கடையில் கூண்டு வாங்கச் செல்வோர் ஓர் அளவுநாடாவைக் கையோடு எடுத்துச் செல்வது நல்லது. பெட்டியின் மீது ‘பெரியது’ என்று அச்சிட்டிருப்பதை நம்பக்கூடாது. நீளத்தை அகலத்தால் பெருக்கித் தரைப்பரப்பைக் கணக்கிட வேண்டும். நூறும் ஐம்பதும் என்றால் 5,000 சதுர சென்டிமீட்டர். இரண்டடி மீன் தொட்டி ஒன்றின் அளவு 60க்கு 30. அதன் தரைப்பரப்பு 1,800 சதுர சென்டிமீட்டர்தான். பரிந்துரைக்கப்பட்ட அளவில் பாதிகூட இல்லை. கடைகளில் விற்கும் கைப்பிடி வைத்த வண்ணக் கூண்டுகளில் பல இதைவிடவும் சிறியவை.

மாடிகளைக் கூட்டிச் சேர்த்துக் கணக்கிடுவதும் சரியன்று. இரண்டு மாடி, மூன்று மாடி என்று உயர்ந்து நிற்கும் கூண்டு பறவைக்கோ அணிலுக்கோ பொருந்தலாம். ஹேம்ஸ்டருக்குக் கண்பார்வை குறைவு. எவ்வளவு உயரத்தில் நிற்கிறோம் என்று அதனால் சரியாகக் கணிக்க முடியாது. விளிம்பு வரை நடந்து வந்து அப்படியே விழுந்துவிடும். கால் முறிந்த ஹேம்ஸ்டர்களில் சில இப்படி மாடியிலிருந்து விழுந்தவையே. அதற்குத் தேவை உயரமன்று, நீள அகலமுள்ள தரை. உள்ளே மேடை வைத்தாலும் ஒரு சாண் உயரத்துக்கு மேல் வேண்டாம்.

கம்பியைக் கடிப்பது விளையாட்டன்று

சிறிய கூண்டில் வைத்த ஹேம்ஸ்டர் சில வாரங்களில் ஒரு வேலையைத் தொடங்கும். கூண்டின் ஒரு மூலையில் நின்றுகொண்டு கம்பியை விடாமல் கடிக்கும். இரவு முழுவதும் ‘கிடுகிடு’ என்ற சத்தம் கேட்கும். “பல் தீட்டுகிறது”, “விளையாடக் கூப்பிடுகிறது” என்று வீட்டில் உள்ளோர் சிரித்துக்கொள்வார்கள். சிலர் அதைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து நண்பர்களுக்கும் அனுப்புவார்கள்.

உண்மை வேறு. சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தப் பழக்கத்தை ஆராய்ந்தார்கள். 2006இல் வெளிவந்த ஆய்வில், ஹேம்ஸ்டர்களை மூன்று பிரிவுகளாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு 10 சென்டிமீட்டர் ஆழமும், மற்றொன்றுக்கு 40 சென்டிமீட்டர் ஆழமும், மூன்றாவதற்கு 80 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள படுகையைக் கொடுத்தார்கள். பத்து சென்டிமீட்டர் படுகையில் இருந்தவை மற்றவற்றைவிட அதிகமாகக் கம்பியைக் கடித்தன. 80 சென்டிமீட்டர் படுகையில் இருந்தவை ஒருமுறைகூடக் கடிக்கவில்லை. நாற்பதும் எண்பதும் கிடைத்தவை தவறாமல் வளை தோண்டி அதிலேயே குடியிருந்தன.

2007இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு கூண்டின் பரப்பைப் பற்றியது. 1,800, 2,500, 5,000, 10,000 சதுர சென்டிமீட்டர் என நான்கு அளவுகளில் கூண்டுகளை வைத்துப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் சக்கரம் இருந்தது. சிறிய கூண்டுகளில் இருந்தவை அடிக்கடியும் நீண்ட நேரமும் கம்பியைக் கடித்தன. பெரிய கூண்டில் அது குறைந்தது, ஆனால் முற்றிலும் மறையவில்லை.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். பரப்பு வேண்டும், ஆழமும் வேண்டும். ஒன்று இருந்து மற்றொன்று இல்லாவிட்டால் பயன் முழுமையாகக் கிடைக்காது. கம்பியைக் கடிக்கும் ஹேம்ஸ்டர், “இந்த இடம் எனக்குப் போதவில்லை” என்றுதான் சொல்கிறது. அதற்கு வாய் திறந்து பேசத் தெரியாது. அதற்குத் தெரிந்த மொழி அதுதான். தொடர்ந்து கடித்தால் பல் உடையும், மூக்கின் மேல் முடி உதிர்ந்து புண்ணாகும்.

எந்த வகைக் கூண்டு?

சந்தையில் கிடைக்கும் கூண்டுகளை நான்கு வகையாகப் பிரிக்கலாம். ஒவ்வொன்றிலும் நன்மையும் உண்டு, குறையும் உண்டு.

முதலாவது, கம்பிக் கூண்டு. காற்றோட்டம் நன்றாக இருக்கும். நம் வெப்பத்துக்கு இது ஒரு பெரிய நன்மை. ஆனால் அடித்தட்டு ஆழமில்லாமல் இருந்தால் படுகை நிரப்ப வழியில்லை. ஹேம்ஸ்டர் தோண்டத் தோண்ட மரச்சீவல் வெளியே கொட்டும். கம்பிகளுக்கு இடையே உள்ள இடைவெளியையும் பார்க்க வேண்டும். சிரிய ஹேம்ஸ்டருக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் இருக்கலாம். ரோபோரோவ்ஸ்கி, வின்டர் ஒயிட் போன்ற குள்ள வகைகளுக்கு அது ஆகாது. தலை நுழைந்தால் உடலும் நுழைந்துவிடும். அவற்றுக்கு இடைவெளி ஆறேழு மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. அடித்தளம் கம்பிவலையாக இருக்கும் கூண்டை அறவே தவிர்க்க வேண்டும். கால் சிக்கி முறிந்துவிடும்.

இரண்டாவது, கண்ணாடித் தொட்டி. ஆழமாகப் படுகை நிரப்ப ஏற்றது. கடிக்கக் கம்பி இல்லை. உள்ளே தோண்டும் சுரங்கங்களைக் கண்ணாடி வழியாகப் பிள்ளைகள் பார்த்து மகிழலாம். நான்கடி மீன் தொட்டி கசிகிறது என்று யாராவது கழித்துவிட்டால், அது ஹேம்ஸ்டருக்கு நல்ல வீடாகும். தண்ணீர் நிற்காத தொட்டியில் மரச்சீவல் நிற்குமே! மூடியாகக் கண்ணாடியோ பலகையோ போடக்கூடாது, கம்பிவலைதான் போட வேண்டும். குறை என்னவென்றால், கனம் அதிகம். காற்றோட்டம் மேற்புறம் மட்டும்தான்.

மூன்றாவது, பிளாஸ்டிக் சேமிப்புப் பெட்டி. துணிமணி வைக்கும் பெரிய பெட்டியின் மூடியிலும் பக்கங்களிலும் சதுரமாக வெட்டி, அந்த இடத்தில் கம்பிவலையைப் பொருத்திவிட்டால் கூண்டு தயார். செலவு குறைவு, தூக்குவதும் கழுவுவதும் எளிது. கைவேலை தெரிந்த அப்பா ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்து முடித்துவிடலாம். வெட்டிய விளிம்பு உள்பக்கம் துருத்திக்கொண்டிருந்தால் ஹேம்ஸ்டர் அங்கேதான் கொறிக்கத் தொடங்கும். அதனால் வலையை இறுக்கமாக முடுக்கி, விளிம்பைத் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். பெட்டியின் வெளி அளவைப் பார்த்து ஏமாந்துவிடவும் கூடாது. பல பெட்டிகள் அடிப்புறம் குறுகலாக இருக்கும்.

நான்காவது, குழாய்களால் இணைத்த பிளாஸ்டிக் கூண்டு. பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது, ஹேம்ஸ்டருக்குச் சிறிதும் ஏற்றதன்று. வளர்ந்த சிரிய ஹேம்ஸ்டர் அந்தக் குழாயில் சிக்கிக்கொள்ளும். கன்னப்பை நிறையத் தீனியோடு போனால் இன்னும் ஆபத்து. குழாய்க்குள் காற்றோட்டமில்லை, சிறுநீர் தேங்கி நாற்றமெடுக்கும். மூலை முடுக்கெல்லாம் கழுவுவதும் கடினம்.

உள்ளே என்ன இருக்க வேண்டும்?

முதலில் படுகை. குறைந்தது 20 முதல் 30 சென்டிமீட்டர் ஆழம் வேண்டும். நூறுக்கு ஐம்பது அளவுள்ள கூண்டில் 25 சென்டிமீட்டர் நிரப்ப 125 லிட்டர் மரச்சீவல் பிடிக்கும். கடைசியில் சின்னப் பொட்டலம் ஒன்றை வாங்கி வந்து தூவிவிடுவது போதாது. காகிதத்தால் ஆன படுகையும் நல்லது. சீவலோடு காய்ந்த புல்லையும் கலந்து அழுத்தி நிரப்பினால் சுரங்கம் சரியாமல் நிற்கும். மணம் வீசும் தேவதாரு, பைன் வகை மரச்சீவலை வாங்கக்கூடாது. அந்த மணம் மூச்சுக்குழாயைப் பாதிக்கும். பொடியான மரத்தூளும் வேண்டாம். கூடு கட்டுவதற்கென்று பஞ்சு போன்ற ஒன்றைக் கடையில் விற்பார்கள். அதன் இழைகள் காலில் சுற்றி இரத்த ஓட்டத்தைத் தடுக்கும், விழுங்கினால் குடலை அடைக்கும். வாசனையில்லாத வெள்ளை டிஷ்யூ தாளைக் கிழித்துப் போட்டால் போதும். அதைக் கொண்டு அழகாகக் கூடு கட்டிக்கொள்ளும்.

அடுத்து சக்கரம். கூண்டோடு வரும் சக்கரம் பெரும்பாலும் மிகச் சிறியது. ஓடும்போது முதுகு வளைந்தால் சக்கரம் போதவில்லை என்று பொருள். சிரிய வகைக்குக் குறைந்தது 28 சென்டிமீட்டர் விட்டமும், குள்ள வகைக்கு 20 சென்டிமீட்டர் விட்டமும் வேண்டும். ஓடும் தளம் கம்பிகளாக இல்லாமல் ஒரே பரப்பாக இருக்க வேண்டும்.

ஒளிந்துகொள்ள ஒரு மரவீடு, கொறிப்பதற்கு மருந்தடிக்காத மரக்கிளைத் துண்டு, புரண்டு குளிக்க ஒரு கிண்ணத்தில் மணல் ஆகியவையும் தேவை. ஹேம்ஸ்டரின் முன்பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும், அதனால் கொறிப்பது அதற்கு அவசியம். மணல் என்பது மணலாகவே இருக்க வேண்டும், மாவு போன்ற தூளாக இருக்கக்கூடாது. தண்ணீர்க் குப்பியில் உருண்டை சிக்கிக்கொள்வதுண்டு, அதனால் நாள்தோறும் விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும்.

சக்கரம், மணல் கிண்ணம், மரவீடு போன்ற கனமான பொருள்களைப் படுகையின் மீது அப்படியே வைக்கக்கூடாது. அடியில் சுரங்கம் தோண்டும்போது அவை சரிந்து ஹேம்ஸ்டரை நசுக்கிவிடலாம். கூண்டின் அடித்தளத்தில் ஊன்றி நிற்கும் கால்கள் கொண்ட சிறு மேடையின் மீது வைப்பதே பாதுகாப்பு.

நம் வெப்பத்துக்கு என்ன செய்வது?

சிரியா வெப்பமான நாடுதானே, அங்கிருந்து வந்த பிராணிக்குச் சிங்கப்பூர், மலேசிய வெயில் என்ன செய்துவிடும் என்று கேட்கத் தோன்றும். ஹேம்ஸ்டர் சிரியாவின் நண்பகல் வெயிலில் திரிவதில்லை. தரை கொதிக்கும் நேரத்தில் இரண்டடிக்குக் கீழே குளிர்ந்த மண்ணில் உறங்கிக் கொண்டிருக்கும். நம் வீட்டில் அந்த ஆழமும் இல்லை, அந்த வறண்ட காற்றும் இல்லை. அதற்கு ஏற்ற வெப்பநிலை 20 முதல் 24 டிகிரி செல்சியஸ். இங்கோ பகலில் 31, 32 டிகிரி சாதாரணம், போதாக்குறைக்குக் காற்றில் ஈரப்பதமும் அதிகம். மனிதனைப் போல உடம்பெல்லாம் வியர்த்துச் சூட்டைத் தணித்துக்கொள்ள அதனால் முடியாது. அதனால் மின்விசிறி மட்டும் அதற்குக் குளிர்ச்சி தந்துவிடாது.

ஆகவே கூண்டை எங்கே வைப்பது என்பது, எந்தக் கூண்டை வாங்குவது என்பதற்குச் சமமான கேள்வி. பால்கனியிலும் ஜன்னல் ஓரத்திலும் வைக்கக்கூடாது. கண்ணாடித் தொட்டி மீது அரை மணி நேரம் நேர் வெயில் விழுந்தாலே உள்ளே அடுப்பு போலாகிவிடும். வீட்டிலேயே குளிர்ச்சியான, நிழலான அறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கூண்டுக்குள் ஒரு தரை ஓட்டை, அதாவது டைல்ஸ் துண்டை வைத்தால் அதன் மீது படுத்து உடலைக் குளிர்வித்துக்கொள்ளும். வெயில் கடுமையான நாளில், உறையவைத்த தண்ணீர்ப் போத்தலைத் துண்டில் சுற்றிக் கூண்டின் பக்கத்தில் சாய்த்து வைக்கலாம். குளிர்சாதனக் காற்று நேராகக் கூண்டின் மீது வீசக்கூடாது. ஹேம்ஸ்டர் கால்களைப் பரப்பி அசைவற்றுக் கிடந்தாலோ, வேகமாக மூச்சு வாங்கினாலோ உடனே குளிர்ந்த இடத்துக்கு மாற்றிக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். பதற்றத்தில் குளிர்ந்த நீரில் முக்கிவிடக்கூடாது.

புகையும் அதற்குப் பகைதான். சமையலறையில் மிளகாய் தாளிக்கும் நெடி, வெள்ளிக்கிழமை போடும் சாம்பிராணிப் புகை, ஊதுபத்தி, கொசுவர்த்தி எல்லாம் அதன் சின்ன நுரையீரலுக்குத் தாங்காது. பூஜை அறைக்கும் அடுப்படிக்கும் எட்டத்தில் வைப்பதே சரி. தொலைக்காட்சிக்குப் பக்கமும் வேண்டாம், ஏனெனில் பகல் அதற்கு உறங்கும் நேரம். இரவில் சக்கரம் ஓடும் என்பதால் பிள்ளையின் கட்டில் அருகில் வைத்தால் பிள்ளைக்கு உறக்கம் போய்விடும்.

எறும்பையும் மறந்துவிடக்கூடாது. ஹேம்ஸ்டர் தீனியைப் படுகைக்குள் ஒளித்து வைக்கும். அதைத் தேடி எறும்பு வரும். எறும்புப்பொடியோ பூச்சிமருந்தோ பக்கத்தில் தெளிக்கக்கூடாது. கூண்டை ஒரு மேசை மீது வைத்து, மேசைக் கால்களைத் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்தலாம். பலகாரம் வைக்கும் அலமாரிக்கு நம் பாட்டிமார் செய்த உபாயம்தான் அது. கொசு பெருகாமல் இருக்க அந்தத் தண்ணீரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றிவிட வேண்டும். நறுக்கிக் கொடுத்த காய்கறியில் மிச்சமிருந்தால் மறுநாளே எடுத்துவிட வேண்டும்.

ஒன்றா, இரண்டா?

“தனியாக இருந்தால் பாவம், துணைக்கு இன்னொன்று வாங்கலாமே” என்று இரக்கத்தோடு சொல்பவர்கள் உண்டு. இரக்கம் நல்லதுதான், ஆனால் இங்கே அது தீமையில் முடியும். சிரிய ஹேம்ஸ்டர் வளர்ந்ததும் தன் இனத்தைச் சேர்ந்த மற்றொன்றைப் பகையாகவே பார்க்கும். கடையில் பல ஒன்றாக உறங்குகின்றனவே என்றால், அவை இளங்குட்டிகள். சில வாரம் சென்றதும் சண்டை தொடங்கும். சண்டை நடப்பது இரவில். காலையில் எழுந்து பார்க்கும்போது ஒன்று இறந்து கிடக்கும், அல்லது காது கிழிந்து கிடக்கும். குள்ள வகைகளில் சில சேர்ந்து வாழும் என்பார்கள். அவையும் திடீரென்று பகை கொள்வதுண்டு. ஒரு கூண்டுக்கு ஒன்று என்பதே பாதுகாப்பான விதி.

ஆணும் பெண்ணும் ஒன்றாக இருந்துவிட்டால் வேறொரு பிரச்சினை. சிரிய ஹேம்ஸ்டரின் கர்ப்பகாலம் 16 நாள்தான். ஒரே ஈற்றில் எட்டு, பத்துக் குட்டிகள் பிறக்கலாம். குட்டிகளும் ஐந்தாறு வாரத்தில் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். பிறகு அத்தனைக்கும் தனித்தனிக் கூண்டுக்கு எங்கே போவது? யாருக்குக் கொடுப்பது?

சுத்தம் செய்யும் முறை

பெரிய கூண்டு என்றால் வேலை அதிகம் என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். உண்மையில் சிறிய கூண்டில்தான் வேலை அதிகம். இடம் குறைவு, படுகை குறைவு, அதனால் நாற்றம் விரைவில் வரும். பெரிய கூண்டில் ஹேம்ஸ்டர் ஒரு மூலையைக் கழிவறையாக வைத்துக்கொள்ளும். அந்த மூலையை மட்டும் தினமும் அள்ளி எடுத்தால் போதும்.

வாரந்தோறும் முழுக் கூண்டையும் கழுவிப் புதுப் படுகை போடுவது சுத்தம் போலத் தோன்றும். ஹேம்ஸ்டருக்கோ அது வீடு இடிபட்டது போல. அது கண்ணைவிட மூக்கை நம்பி வாழும் பிராணி. தன் வாசனை முழுவதும் போய்விட்டால் மிரண்டுபோகும். சில வாரங்களுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்குப் படுகையை மட்டும் மாற்றி, காய்ந்த பழைய படுகையை மீதம் வைக்க வேண்டும். அதன் கூட்டைக் கலைக்கக்கூடாது.

பொறுப்பு யாருடையது?

சிங்கப்பூரில் வீட்டில் வளர்க்க அனுமதிக்கப்பட்ட சிறு விலங்குகளில் ஹேம்ஸ்டரும் ஒன்று. ஆனால் அனுமதியோடு கடமையும் வருகிறது. ‘வேண்டாம்’ என்று தோன்றியதும் புளோக்கின் கீழே புல்தரையிலோ படிக்கட்டிலோ விட்டுவிடுவது விலங்குகள், பறவைகள் சட்டத்தின்படி குற்றம். முதல்முறை குற்றம் புரிந்தவருக்கு 10,000 வெள்ளி வரை அபராதமோ, 12 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். மலேசியாவிலும் 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், வளர்ப்பவர் தம் பிராணிக்குத் தகுந்த சூழலையும் உணவையும் தர வேண்டும் என்று கடமை விதிக்கிறது. வீட்டில் பிறந்து வளர்ந்த ஹேம்ஸ்டர் வெளியில் பிழைக்காது. பூனை, காகம், வெயில், மழை ஆகியவற்றில் ஒன்று அதை முடித்துவிடும்.

சட்டத்துக்கு அப்பால் இன்னொன்றும் உண்டு. பத்து வயதுப் பிள்ளை ஆசைப்படலாம், ஆனால் பொறுப்பு பெரியவருடையதுதான். பிள்ளைக்குத் தேர்வு வரும், விளையாட்டு வரும், வேறு ஆசை வரும். அப்போதும் ஹேம்ஸ்டருக்குத் தண்ணீர் வேண்டும். அந்த வேலையைத் தாமே செய்ய ஆயத்தமாக உள்ள பெற்றோர் மட்டுமே பிராணியை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். சிறு உயிரை எப்படி நடத்துவது என்று பிள்ளை கற்றுக்கொள்வது அறிவுரையால் அன்று, வீட்டில் கண்ணால் காண்பதால். நெருக்கடியான பெட்டிக்குள் கம்பியைக் கடித்துக்கொண்டிருக்கும் பிராணியைப் பார்த்து வளரும் பிள்ளை, ‘சின்ன உயிர்தானே, பரவாயில்லை’ என்ற பாடத்தையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறது.

ஏற்கெனவே சிறிய கூண்டு வாங்கிவிட்டவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. பெரிய சேமிப்புப் பெட்டி ஒன்றைத் தயார் செய்து மாற்றிவிடலாம். பழைய கூண்டின் படுகையில் இரண்டு கைப்பிடி எடுத்துப் புதிய வீட்டில் தூவினால் அதற்குப் பயம் தெளியும். பழைய கூண்டை மருத்துவரிடம் கொண்டுசெல்லவும், பெரிய வீட்டைக் கழுவும்போது தற்காலிகமாக வைக்கவும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

புதிதாக வாங்க நினைப்போருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். முதலில் கூண்டை வாங்குங்கள். நூறுக்கு ஐம்பது அளவில் வீட்டில் எந்த இடத்தில் வைப்பது என்று அளந்து பாருங்கள். படுகை நிரப்பி, சக்கரம் பொருத்தி, ஒரு வாரம் நண்பகலில் அந்த இடத்தின் வெப்பத்தைப் பாருங்கள். எல்லாம் சரியாக அமைந்த பிறகு ஹேம்ஸ்டரைக் கொண்டு வாருங்கள். கூண்டின் விலை ஹேம்ஸ்டரின் விலையைவிடப் பல மடங்கு இருக்கும். அது தலைகீழ்க் கணக்கன்று, சரியான கணக்குத்தான். அளந்து பார்த்தபோது இடமில்லை என்று தெரிந்தால், “இப்போது வேண்டாம்” என்று பிள்ளையிடம் சொல்லிவிடலாம். வராத பிராணிக்கு அதனால் எந்தத் துன்பமும் இல்லை.